ஊர் பேர் தெரியாத காரீயம்

(ஸ்காட்லாந்துத் திருச்சபை டோக்கன்களை அடையாளம் காண்பது பற்றிச் சென்னையில் நாணயச் சேகரிப்பாளர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பேசத் தொடங்குமுன் இதைக் கைமாற்றி விடுகிறேன். உறையைப் பிரிக்காமல் பாருங்கள். உள்ளே இருப்பது காரீயம். ரசம் வைக்கிற ஈயச் சொம்பில் இருப்பது வெள்ளீயம். இது வேறு, மீன்வலைக்குக் குண்டாகக் கட்டுகிறார்களே அந்த ஈயம். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிது. சதுரம்தான், ஆனால் ஒரு மூலை மட்டும் இழுத்துக்கொண்டு நிற்கிறது. ஒரு முகத்தில் ரோமன் எழுத்தில் கே, எம் என்று இரண்டு எழுத்துகள். மறுமுகத்தில் எதுவும் இல்லை.

இது நாணயம் இல்லை. இதைக் கொடுத்து எந்தக் கடையிலும் ஒரு பிடி ஓட்ஸ் மாவுகூட வாங்கியிருக்க முடியாது. ஆனால் ஸ்காட்லாந்தில் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக, இது கையில் இல்லாதவருக்குத் திருவிருந்துப் பந்தியில் இடம் கிடையாது. ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் நாம் வாங்கிக்கொண்டு காத்திருக்கிறோமே, அதே பெயர்தான் இதற்கும்: டோக்கன்.

1560ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து போப்பாண்டவரின் தலைமையை விட்டு விலகியது. அதே ஆண்டு ஜெனீவாவில் ஜான் கால்வின் அந்த நகர மன்றத்துக்கு ஒரு யோசனை சொன்னார். தகுதி இல்லாதவர்கள் பந்தியில் வந்து அமர்ந்துவிடாமல் இருக்க, தகுதி உள்ளவர்களுக்கு முன்கூட்டியே ஓர் அடையாளத் துண்டு கொடுத்துவிடலாம் என்பது அந்த யோசனை. ஜெனீவா அதை ஏற்கவில்லை. பிரான்சின் சீர்திருத்தச் சபையார் எடுத்துக்கொண்டார்கள். ஸ்காட்லாந்துக்காரர்கள் எடுத்துக்கொண்டதோடு நிற்காமல், இருபதாம் நூற்றாண்டு பிறக்கும்வரை விடாமல் பிடித்துக்கொண்டார்கள்.

அங்கே திருவிருந்து வாராவாரம் நடப்பதில்லை. பல ஊர்களில் ஆண்டுக்கு ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை. ஒவ்வொரு ஊருக்கும் அதைச் சுற்றியுள்ள குடியிருப்புகளுக்கும் சேர்த்து ஒரு கோயில், ஒரு போதகர். தென்னிந்தியத் திருச்சபையில் இதைச் 'சேகரம்' என்கிறோம். இன்று நானும் அந்தச் சொல்லையே வைத்துக்கொள்கிறேன். திருவிருந்துக்குப் பல வாரங்களுக்கு முன்பே போதகரும் மூப்பர்களும் வீடு வீடாகப் போவார்கள். வினாவிடைப் பாடம் தெரிகிறதா என்று கேட்பார்கள். அண்டை வீட்டாரோடு பேச்சுவார்த்தை இல்லையென்றால் முதலில் சமாதானமாகச் சொல்வார்கள். பிறகு போதகரும் மூப்பர்களும் கூடுகிற சபை மன்றம், அங்கே அதற்குக் 'கிர்க் செஷன்' என்று பெயர், யாருக்குக் கொடுப்பது, யாருக்கு நிறுத்திவைப்பது என்று முடிவெடுக்கும். வியாழன் உபவாச நாள். சனிக்கிழமை ஆயத்த ஆராதனை. திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பேர் புதிதல்ல. எங்கள் பாட்டி ஆயத்த ஆராதனைக்குப் போகாமல் ஒருநாளும் திருவிருந்து எடுத்ததில்லை. ஸ்காட்லாந்தில் பெரும்பாலும் அந்தச் சனிக்கிழமைதான் டோக்கன் கைக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குள் நீள மேசை போட்டு வெள்ளைத் துணி விரித்திருப்பார்கள். மேசைக்குப் போகிறவர்களிடம் மூப்பர் ஒருவர் டோக்கனை வாங்கிக்கொள்வார். ஒரு பந்தி எழுந்ததும் அடுத்த பந்தி. திங்கட்கிழமை நன்றி ஆராதனையோடு எல்லாம் முடியும். டோக்கன்கள் மறுபடி பைக்குள் போய்விடும்.

ஆக, ஒரு குடியானவரின் கையில் இது இருந்தது சனி மாலையிலிருந்து ஞாயிறு பகல்வரை. அவ்வளவுதான். அந்த ஓர் இரவுக்காகத்தான் இதை வார்த்தார்கள். என் தொகுப்பில் உள்ள சில துண்டுகளின் விளிம்பு மட்டும் வழவழவென்று தேய்ந்திருக்கிறது. எத்தனை பேர் அதைப் பிடித்தபடி வரிசையில் நகர்ந்திருப்பார்கள் என்று எண்ணாமல் என்னால் அதைப் பார்க்க முடிவதில்லை.

எனக்கு இவை வந்த கதையைச் சொல்ல வேண்டும். நான் அபர்டீனில் வேலை பார்த்தபோது, கீழ்வீட்டில் இருந்த அம்மையார் கணவர் இறந்து ஓராண்டு கழித்து ஒரு புகையிலை டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தார். 'நீங்கள் பழைய காசு பார்ப்பவர், உங்களுக்குத்தான் இது பயன்படும்' என்றார். உள்ளே 63 டோக்கன்கள். ஐந்தாறாகச் சேர்த்துச் செய்தித்தாள் துணுக்குகளில் சுற்றி வைத்திருந்தது. சில துணுக்குகளின் ஓரத்தில் பென்சிலால் ஏதோ எழுதியிருந்தது. ஆவல் தாங்காமல் அன்று இரவே எல்லாப் பொட்டலங்களையும் பிரித்து மேசைமேல் கொட்டினேன். வட்டங்களை ஒரு பக்கம், சதுரங்களை ஒரு பக்கம், முட்டை வடிவங்களை ஒரு பக்கம் என்று அடுக்கினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. காகிதம் மறுநாள் குப்பை வண்டியில் போய்விட்டது.

நான் செய்த கெடுதல் எவ்வளவு என்று புரிய மூன்று மாதம் ஆயிற்று. அம்மையாரின் கணவர் ஒரே ஊரின் துண்டுகளை ஒரே பொட்டலத்தில் வைத்திருந்தார். எழுத்தே இல்லாத ஒரு துண்டு எந்தப் பொட்டலத்தில் இருந்தது என்று தெரிந்திருந்தாலே அது எந்த ஊர் என்று தெரிந்திருக்கும். அவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த அறிவை ஒரே இரவில் கலைத்துவிட்டேன். இன்று இங்கே வந்திருப்பதற்கு முதல் காரணம் அதுதான். யாராவது உங்களிடம் இப்படி ஒரு டப்பாவைக் கொடுத்தால், எதையும் நகர்த்துமுன் உள்ளே இருக்கிறபடியே படம் எடுத்துக்கொள்ளுங்கள். பொட்டலத்துக்கு ஓர் எண் போடுங்கள். அந்தக் காகிதத்தையும் டோக்கனைப்போலவே பத்திரப்படுத்துங்கள். டப்பாவையும்தான்.

இனி, எழுத்தைப் படிப்பதற்கு வருகிறேன். தேய்ந்த காரீயத்தை நேர் வெளிச்சத்தில் பார்த்தால் சாம்பல் நிறம்தான் தெரியும். அறையை இருட்டாக்கி, ஒரு சின்ன டார்ச்சை மேசையோடு மேசையாகப் படுக்க வைத்து, டோக்கனை மெல்லச் சுற்றிக்கொண்டே வாருங்கள். ஒரு கோணத்தில் ஓர் எழுத்தின் கால் தெரியும், இன்னொரு கோணத்தில் தலை தெரியும். நான்கு பக்கமும் வெளிச்சம் மாற்றி நான்கு படம் எடுத்து வைத்தால், பகல் வெளிச்சத்தில் இல்லவே இல்லை என்று நினைத்த ஆண்டு எண் எழுந்து வரும். தயவுசெய்து தேய்க்காதீர்கள், புளி போடாதீர்கள், எந்தப் பாலிஷும் வேண்டாம். இது நகத்தால் கீறினாலே கோடு விழுகிற உலோகம். தேய்த்தால் அழுக்கோடு எழுத்தும் போய்விடும். தொட்ட பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்; குழந்தைகள் எடுத்து விளையாடக் கூடாது.

படிக்கும்போது எழுத்துகள் நம்மை ஏமாற்றப் பார்க்கும். காரணம் அச்சில் இருக்கிறது. பழைய டோக்கன்களில் பலவும் அந்தந்த ஊரிலேயே வார்த்தவை. கல்லிலோ இரும்பிலோ பித்தளையிலோ அச்சு வெட்டி, உருகிய ஈயத்தை ஊற்றுவார்கள். அச்சில் எழுத்தை இடவலம் மாற்றி வெட்டினால்தான் வார்ப்பில் நேராக வரும். ஊர்க் கொல்லருக்கு அது அன்றாட வேலை இல்லை. அதனால் 'என்' எழுத்தின் குறுக்குக்கோடு திரும்பிக்கொள்ளும்; 'எஸ்' கண்ணாடியில் பார்த்ததுபோல் வளையும்; சில சமயம் முழு வரியுமே வலமிருந்து இடமாக ஓடும். இதைப் பிழை என்று ஒதுக்கிவிட வேண்டாம். அதே திரும்பிய 'என்' இன்னொரு துண்டிலும் இருந்தால் இரண்டும் ஒரே அச்சாக, ஒரே ஊராக இருக்கக்கூடும். எனக்கு மூன்று ஊர்கள் பிடிபட்டது இப்படித்தான்.

'கே' என்றால் பெரும்பாலும் கிர்க், அதாவது கோயில். 'பி' என்றால் பாரிஷ், சேகரம். 'எம்' என்பது மினிஸ்டர் என்பதாகவும் இருக்கலாம், மாஸ்டர் என்பதாகவும் இருக்கலாம். கலைப்பட்டம் பெற்ற போதகரை அந்நாளில் மாஸ்டர் என்று குறித்தார்கள். அதை அடுத்து வருபவை போதகரின் பெயரெழுத்துகள். அங்கே ஒரு கண்ணி உண்டு. பழைய எழுத்து வழக்கில் 'ஜே'யும் 'ஐ'யும் ஒன்று, 'யு'வும் 'வி'யும் ஒன்று. ஜான், ஜேம்ஸ் எல்லாரும் 'ஐ' என்றே நிற்பார்கள். ஸ்காட்லாந்தில் ஜான்களுக்கும் ஜேம்ஸ்களுக்கும் என்றைக்கும் பஞ்சமில்லை.

பிற்காலத் துண்டுகளில் வேதாகம வசனத்தின் எண் வரும். லூக்கா 22:19 என்றால் இயேசு தம்மை நினைவுகூரும்படி சொன்ன இடம். முதலாம் கொரிந்தியர் 11:28 என்றால் பந்திக்கு வருமுன் ஒருவர் தம்மைத் தாமே சோதித்தறிய வேண்டும் என்று பவுல் எழுதிய இடம். பந்திக்கு வருமுன் வீட்டுக்கு வந்து கேட்ட கேள்வியெல்லாம் அந்த ஒரு வசன எண்ணுக்குள் இருக்கிறது. இவை கண்ணில் பட்டால் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு என்று முதல் கணக்குப் போடலாம். வெறும் எண் ஒன்று மட்டும் இருந்தால் அதை ஆண்டு என்றோ விலை என்றோ எண்ண வேண்டாம். எத்தனையாவது பந்தி என்பதாக இருக்கலாம்.

ஆண்டு இருந்தால் பாதிக் கிணறு தாண்டியதுபோல. பாதிதான், ஏனென்றால் அந்த ஆண்டு எதைக் குறிக்கிறது என்பதை இன்னும் கேட்க வேண்டும். அச்சு வெட்டிய ஆண்டாக இருக்கலாம். போதகர் பொறுப்பேற்ற ஆண்டாக இருக்கலாம். சபை தொடங்கிய ஆண்டாகவும் இருக்கலாம். அப்படியானால் டோக்கன் அதற்குப் பல ஆண்டுகள் கழித்து வார்த்ததாக இருக்கும். ஒரு நிம்மதி உண்டு: ஸ்காட்லாந்து 1600லேயே ஜனவரி 1ஐ ஆண்டுப் பிறப்பாக ஏற்றுக்கொண்டுவிட்டது. இங்கிலாந்து 1752வரை மார்ச் 25ஐப் பிடித்துக்கொண்டு நின்றது. அதனால் இங்கிலாந்துத் தேதிகளில் வருகிற அந்த ஓராண்டுக் குழப்பம் இங்கே நமக்கு இல்லை.

ஊர்ப் பெயர் முழுதாக இருந்துவிட்டால் வேலை முடிந்ததென்று நினைப்போம். கிர்க்மைக்கேல் என்று ஒரு டோக்கன் என்னிடம் இருக்கிறது. தெளிவான எழுத்து, ஓர் எழுத்துகூடத் தேயவில்லை. கிர்க்மைக்கேல் என்ற சேகரம் பெர்த்ஷயரில் ஒன்று இருக்கிறது, பான்ஃப்ஷயரில் ஒன்று, அயர்ஷயரில் ஒன்று, டம்ஃப்ரீஸ்ஷயரில் ஒன்று. நம் ஊரில் புதூர் என்று மட்டும் எழுதிய கடிதம்போல. இங்கேதான் போதகரின் பெயரெழுத்து கைகொடுக்கும். ஹியூ ஸ்காட் என்ற போதகர் ஸ்காட்லாந்தின் ஒவ்வொரு சேகரத்திலும் சீர்திருத்த காலம் தொட்டு யார் யார் போதகராக இருந்தார்கள், எந்த ஆண்டு வந்தார்கள், எந்த ஆண்டு போனார்கள் என்று தேடித் தேடி எழுதிவைத்தார். ஃபாஸ்டி எக்லீசியே ஸ்காட்டிகானே என்பது அந்த நூலின் பெயர். 1866 முதல் வெளிவந்தது. ஒரு மனிதர் தம் ஆயுளையே கொடுத்துச் செய்த வேலை. கிர்க்மைக்கேல் நான்கையும் அதில் எடுத்து வைத்துக்கொண்டு, டோக்கனில் உள்ள பெயரெழுத்தும் ஆண்டும் எந்தப் போதகருக்குப் பொருந்துகின்றன என்று பார்த்தேன். பெர்த்ஷயர்க் கிர்க்மைக்கேல் மட்டும் பொருந்தியது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. நூற்றாண்டுகளுக்கு முன் உபவாசம் இருந்து, சனிக்கிழமை போய் இதை வாங்கிய யாரோ ஒருவரின் ஊர் கிடைத்துவிட்டது!

பெயர் எழுதும் வழக்கமும் நிலையாக இருந்ததில்லை. கிர்க்கூப்ரி என்று வாயால் சொல்கிற ஊரை எழுத்தில் எழுதினால் நடுவில் ஊமை எழுத்துகளாக நிற்கும். மல்கை என்று சொல்கிற ஊரின் எழுத்தைப் பார்த்து மில்ன்கேவி என்றுதான் நாம் படிப்போம். அச்சு வெட்டியவர் சில நேரம் காதில் விழுந்தபடியே வெட்டினார், சில நேரம் இடம் போதாமல் நடு எழுத்துகளை விழுங்கினார். வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது ஒரு நல்ல உபாயம்.

இதுவரை சொன்னது அரசு ஏற்ற ஒரே சபை, ஊருக்கு ஒரு கோயில் என்ற காலத்துக் கதை. 1733க்குப் பிறகு கதை மாறுகிறது. போதகரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நிலப்பிரபுவுக்கா சபையாருக்கா என்ற சண்டையில், ஸ்டெர்லிங்கைச் சேர்ந்த எபனேசர் எர்ஸ்கினும் இன்னும் மூன்று போதகர்களும் விலகிப்போய்த் தனிச் சபை கண்டார்கள். அந்தத் தனிச் சபையும் 1747ல் இரண்டானது. சில நகரங்களில் நகரத்தார் எடுக்க வேண்டிய ஓர் உறுதிமொழியில், நாட்டில் இப்போது வழங்குகிற உண்மைச் சமயத்தை ஏற்கிறேன் என்ற பொருளில் ஒரு வாசகம் இருந்தது. அதைச் சொல்லலாம் என்றவர்கள் பர்கர் பிரிவு, கூடாது என்றவர்கள் எதிர்பர்கர் பிரிவு. 1761ல் தாமஸ் கில்லெஸ்பி தலைமையில் ரிலீஃப் சபை தனியாக வந்தது. நூற்றாண்டு முடியும்போது பர்கர் பிரிவு பழைய ஒளி, புதிய ஒளி என்று உடைந்தது. சில ஆண்டுகளில் எதிர்பர்கர் பிரிவும் அப்படியே உடைந்தது. 1843 மே 18 அன்று எடின்பரோவில் சபையின் பொதுப்பேரவையிலிருந்து ஒரு பகுதியினர் வெளியேறித் தாமஸ் சால்மர்ஸ் தலைமையில் சுதந்திரச் சபையைத் தொடங்கினார்கள்; நானூற்றைம்பதுக்கும் மேற்பட்ட போதகர்கள் அதில் சேர்ந்தார்கள். பிறகு ஒன்றுசேர்தல்கள்: 1820, 1847, 1900, 1929.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், டோக்கனில் இரண்டே எழுத்தில் இந்த வரலாறு இருக்கும். 'ஏ சி' என்றால் விலகியவர்களின் அசோசியேட் சபை. 'எஃப் சி' சுதந்திரச் சபை. 'யு பி' 1847ல் ஒன்றான சபை. 'ஆர் சி' என்று பார்த்ததும் ரோமன் கத்தோலிக்கம் என்று எழுதி வைத்திருப்பதை நான் கண்டிருக்கிறேன். அது ரிலீஃப் சபை. இந்த எழுத்துகளைப் படிக்கத் தெரிந்தால், ஆண்டே இல்லாத துண்டுக்கும் மேல் எல்லை கீழ் எல்லை போட்டுவிடலாம். 1847க்கு முன் 'யு பி' இருக்க வழியில்லை. ரிலீஃப் சபை அந்த ஆண்டு அதில் கலந்துவிட்டதால், அதற்குப் பிறகு ரிலீஃப் இருக்கவும் வழியில்லை.

1843 டோக்கன்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வெளியேறிய போதகர்கள் கோயிலை விட்டார்கள், வீட்டை விட்டார்கள், சம்பளத்தை விட்டார்கள். பூட்டிய பையில் இருந்த டோக்கன்களும் பழைய சபையின் சொத்து. அடுத்த திருவிருந்துக்கு நூற்றுக்கணக்கான புதுச் சபைகளுக்கு ஒரே நேரத்தில் டோக்கன் வேண்டியிருந்தது. ஊர்க் கொல்லரால் ஆகிற காரியம் இல்லை. எடின்பரோவில் கிர்க்வுட், கிளாஸ்கோவில் கிராஃபோர்ட் போன்ற பட்டறைகள் இயந்திரத்தில் அச்சடித்துக் கொடுத்தன. மூலை வெட்டிய நீள்சதுரம், ஒரு பக்கம் வசனம், மறுபக்கம் 1843. ஊர்ப் பெயருக்குக் காத்திருக்க நேரமில்லாதவர்கள் பொதுவான டோக்கனையே வாங்கிக்கொண்டார்கள். அப்படிப்பட்ட பொது டோக்கனுக்கு ஊர் தேடி அலைவதில் பயனில்லை, கூடவே காகிதம் வந்திருந்தால் தவிர. அவற்றைத் தனித் தட்டில் வையுங்கள். அவற்றுக்கும் மரியாதை உண்டு. வயல்வெளியிலும் கொட்டகையிலும் ஆராதனை நடத்திய சபைகளின் கையில் இருந்தவை அவை.

அந்தப் பிளவு நம் சென்னைக்கும் வந்தது. எழும்பூரில் இருக்கிற செயின்ட் ஆண்ட்ரூஸ் கோயிலை இன்றும் 'கிர்க்' என்றே சொல்கிறோம். டி ஹாவிலண்ட் என்ற பொறியாளர் கிணறுகளை இறக்கி அடித்தளம் போட்டு, 1821ல் திறந்த ஸ்காட்லாந்துச் சபைக் கோயில் அது. ஜான் ஆண்டர்சன் 1837ல் இங்கே தொடங்கிய பள்ளிதான் பிற்பாடு சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஆனது. 1843 செய்தி கப்பலேறி வந்தபோது ஆண்டர்சனும் அவருடன் இருந்த மிஷனரிகளும் சுதந்திரச் சபையின் பக்கம் நின்றார்கள். ஆகவே 'எஃப் சி' என்ற இரண்டு எழுத்தைச் சென்னைக்காரர்கள் வேற்றூர்ச் சமாசாரமாகப் பார்க்க வேண்டியதில்லை.

இனி அடுக்கும் முறை. நூல்கள் சபைவாரியாகப் பிரிந்திருக்கின்றன. அரசு ஏற்ற சபையின் பழைய டோக்கன்களுக்கு புரூக் 1907ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஸ்காட்லாந்துத் தொல்பொருள் சங்கத்தின் இதழில் எழுதிய பட்டியல். பிற்காலத்தவற்றுக்குக் கெர்ரும் லாக்கியும் எழுதியது. மற்றச் சபைகளுக்கு ராபர்ட் டிக் 1902ல் எழுதியது. சேகரிப்பவர்களும் அதே வழியில் சபைக்கு ஒரு தட்டு வைக்கிறார்கள். தேடுவதற்கு அது எளிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் அதைக் கைவிட்டுவிட்டேன். என் தட்டுகள் ஊர்வாரியாக இருக்கின்றன: முதலில் மாவட்டம், பிறகு ஊர், ஊருக்குள் சபை, சபைக்குள் போதகரும் ஆண்டும், கடைசியில் அச்சு வேறுபாடு.

பெர்த் நகரத்துத் தட்டைச் சொல்கிறேன், ஏன் இப்படி வைத்தேன் என்று உங்களுக்கே தெரியும். 1733ல் விலகிய நால்வரில் ஒருவரான வில்லியம் வில்சன் பெர்த் போதகர். அந்த நகரத்து உறுதிமொழிதான் 1747 பிளவுக்குக் காரணமானவற்றில் ஒன்று. பழைய ஒளிக்காரர்களுக்கும் புதிய ஒளிக்காரர்களுக்கும் இடையில் அவ்வூர்ச் சபைக் கட்டடம் யாருக்கு என்ற வழக்கு லண்டன் பிரபுக்கள் சபைவரை போய், 1813ல் அங்கே பேசப்பட்டது. ஊர்க்கோயில் டோக்கனுக்குப் பக்கத்தில் அசோசியேட் சபை டோக்கன், அதற்குப் பக்கத்தில் ரிலீஃப், அதற்குப் பக்கத்தில் 1843. ஒரே சந்தையில் மீன் வாங்கியவர்கள், ஒரே இடுகாட்டில் அடங்கியவர்கள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெவ்வேறு மேசைக்குப் போனார்கள். சபைவாரியாகப் பிரித்தால் இந்த நான்கு துண்டும் நான்கு தட்டுக்குப் போய்விடும். அந்த ஊர் காணாமல் போய்விடும்.

ஒவ்வொரு டோக்கனுக்கும் ஒரு காகித உறை. அதன்மேல் மை அல்ல, பென்சில். நீளம், அகலம், கனம் மில்லிமீட்டரில். எடை கிராமில், ஒரு தசமம் வரை. எழுத்துகளை உள்ளபடியே, திரும்பியதைத் திரும்பியதாகவே எழுதுகிறேன். அதற்குக் கீழே என் முடிவு. அந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்பதற்கு ஒரு வரி. 'உறுதி' என்றும் 'ஊகம்' என்றும் இரண்டு சொல்லைத் தவறாமல் பயன்படுத்துகிறேன். இரண்டையும் கலந்துவிட்டால் அடுத்து வருகிறவர் என் ஊகத்தை உண்மை என்று நம்பி மேலே கட்டுவார். யாரிடமிருந்து, எந்த நாளில், எதனோடு சேர்ந்து வந்தது என்பது கடைசி வரி. அந்த வரி காலியாக இருக்கிற உறைகளைப் பார்க்கும்போதெல்லாம் அன்று குப்பையில் போட்ட செய்தித்தாள்தான் கண்முன் வருகிறது.

பாதுகாப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்லெண்ணத்தோடு செய்து கெடுப்பதை நேரில் கண்டேன். ஒருவர் தம் தொகுப்பை விலையுயர்ந்த ஓக் மரப் பேழையில் வைத்திருந்தார். தட்டை இழுத்தபோது டோக்கன்கள்மேல் மாவு தூவியதுபோல் வெள்ளை பூத்திருந்தது. ஓக் போன்ற மரங்கள் புளித்த ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும்; மூடிய பேழைக்குள் அது ஈயத்தைத் தின்று வெள்ளைப் பொடியாக்கும். மட்டமான அட்டைப்பெட்டியும் அதே வேலையைச் செய்யும். பி.வி.சி. உறையும் ஆகாது. அமிலமற்ற காகிதம், பாலிப்ரொப்பிலீன் பெட்டி, வர்ணம் சுட்ட இரும்பு அலமாரி. சென்னையில் கூடுதலாகச் சிலிக்கா ஜெல் பொட்டலம். அதை மழைக்காலத்தில் அடிக்கடி மாற்ற வேண்டும். வெள்ளை பூத்துவிட்டால் ஊதாதீர்கள், அந்தப் பொடி நஞ்சு. தனியாகப் பிரித்து மூடிவைத்துவிட்டு, அருங்காட்சியகத்தில் உலோகம் பேணுகிறவர்களைக் கேளுங்கள்.

உங்களில் எத்தனை பேர் இதைச் சேகரிக்கப் போகிறீர்கள் என்று தெரியாது. நாடு விட்டுப் போன ஸ்காட்லாந்துக்காரர்கள் இந்தப் பழக்கத்தைக் கனடாவுக்கும் நியூசிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் கொண்டுபோனார்கள். தென்கரோலினாவின் சார்ல்ஸ்டனில் 1800ல் வெள்ளியிலேயே செய்துகொண்டார்கள். ஸ்காட்லாந்திலோ புதுப் போதகர் வந்தால் பழைய ஈயத்தை உருக்கிப் புதிதாக வார்ப்பது பல ஊர்களில் வழக்கம். பிறகு பெயர் எழுதிய அட்டைகள் வந்தன. யார் வந்தார், யார் வரவில்லை என்று கணக்கு வைக்க அட்டை வசதி. உருகாமல் தப்பியவைதான் நம் கைக்கு வருகின்றன.

கைமாறிப் போன உறை திரும்பி வந்துவிட்டதா? வந்துவிட்டது, நன்றி. இதன் உறைமேல் நான் எழுதியிருப்பதைப் படிக்கிறேன். 'கே, எம். மறுமுகம் வெறுமை. சதுரம், 18க்கு 18, ஒரு மூலை இழுப்பு. எடை 4.6. புகையிலை டப்பா. பொட்டலம் தெரியாது.' அதற்குக் கீழே பென்சிலில் ஊர்ப் பெயர்கள்: கிர்க்மைக்கேல், கிர்க்மெய்டன், கிர்க்மாப்ரெக், கிர்க்மஹோ, கில்மார்னக், கில்மார்ட்டின், கில்மோர்ஸ், 'கே' வெறுமனே கோயில் என்றால் மனிஃபீத்தும் மனீயும்கூட வரும். மூன்று பெயர்களை அடித்திருக்கிறேன், அவற்றின் அச்சு வேறு மாதிரி என்று படம் பார்த்த பிறகு. மீதி ஆறு இருக்கிறது. வரும் கோடையில் எடின்பரோ அருங்காட்சியகத்தில் உள்ள தொகுப்பைப் பார்க்கப் போகிறேன். இந்த மூலை இழுப்பு வேறு எந்தத் துண்டிலாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.